பிள்ளைத்தமிழும் வெறியாட்டும்
(பெற்றோர் கடன் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி)

மக்களைப் பெற்று வளர்த்தல் என்பது உணவூட்டி, உடையளித்து, கல்வி பயில்வித்தலோடு முடிந்துவிடுவதன்று. பிள்ளையின் உள்ளம் எந்நிலையில் இருக்கின்றது என்பதை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதலும் பெற்றோர் கடனேயாம். இக்காலத்து மனநூலார் இதுபற்றி விரிவாக எழுதி வருகின்றனர். அவர்தம் நூல்களை நாடுமுன், நம் தமிழ்நூல்கள் பிள்ளையுள்ளத்தை எங்ஙனம் நோக்கின என்று ஆராய்தல் தமிழ் மாணவர்க்கு ஏற்றதொரு முயற்சி. மதுரையில் இருந்து கற்பார்க்கு இதற்குரிய பொருள் தொலைவில் இல்லை. வைகைக் கரையிலேயே கிடைக்கின்றது. குழந்தைப் பருவத்திற்குப் பிள்ளைத்தமிழையும், அதனை அடுத்த இளமைப் பருவத்திற்குச் சங்க அகப்பாட்டுக்களில் வரும் வெறியாட்டையும் துணையாகக் கொண்டு ஈண்டுச் சில கூறுவேன்.

குழவியைப் பாடும் வழக்கிற்குத் தொல்காப்பியர் புறத்திணையியலிலேயே இடந்தந்தார். ஒன்பதாம் நூற்றாண்டினரான பெரியாழ்வார், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு, தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் திருமலை நாயக்கர் (1623–1659) முன்னிலையில் மதுரையில் அரங்கேறிற்று என்பர். அவ்வமயம் அம்மையே அர்ச்சகர் மகளாகிய சிறுமியின் உருவில் வந்து, நாயக்கர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிந்தாள் என்னும் கதை இந்நகரத்தார் யாவரும் கேட்டதே. இவ்வகை நூல் ஒரு சமயத்தார்க்கே உரியதாக நின்றுவிடவில்லை. நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ் உண்டு. சென்ற நூற்றாண்டில் அருள் செல்லத்துரை என்பார் இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் பாடினார்.

பாட்டியல் நூலார் இதற்குப் பத்துப் பருவங்களை வகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கு உரியன. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் இவற்றின் இடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் என்பன நிற்கின்றன. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை என்று இவற்றிற்குக் கால எல்லை கூறுவாரும் உளர். தேர்வுக்காக இப்பட்டியலை மனனஞ் செய்யும் நாம், இதற்குள் அடங்கிய உழைப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. செங்கீரை என்பது யாது? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து முகம் அசைத்தாடும் நிலை. பிள்ளையின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, நாள்தோறும் உற்றுநோக்கிய ஒருவரன்றி இந்நிலையை இத்துணை நுட்பமாகக் கூறவியலாது. இலக்கணம் வகுத்தவர் எவராயினும், அவர்க்கு முன்னே ஒரு தாயோ பாட்டியோ இதனைக் கண்டு மகிழ்ந்திருத்தல் வேண்டும்.

அன்றியும், பிள்ளைத்தமிழில் பிள்ளையை நோக்கிச் சினந்து பேசும் வழக்கைக் காண்டல் அரிது. அம்புலிப் பருவத்தில், பிள்ளையோடு விளையாட வருமாறு திங்களை அழைக்கும் தாய், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாள்வாள். வானத்து மதியை அவள் புகழ்வாள். பிள்ளையோடு ஒப்பிட்டு இழித்துரைப்பாள். வந்தால் பெறும் பயன் கூறுவாள். வாராவிடின் வரும் கேடு கூறி அச்சுறுத்துவாள். இவையெல்லாம் திங்களுக்கே, பிள்ளைக்கல்ல. நம் வீடுகளில் இம்முறை தலைகீழாய் மாறிவிட்டது. அண்டை வீட்டுப் பிள்ளையைத் திங்களாக்கி உயரத்தில் வைத்து, நம் பிள்ளையின்மீது பேதமும் தண்டமும் செலுத்துகின்றோம். சிற்றிற் பருவத்திலோ, மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதனைக் காலால் அழிக்க வரும் ஆண்மகவை நோக்கி அழியாதிருக்குமாறு இரந்து வேண்டுவர். குறும்பினைப் புலவர் மறைக்கவில்லை. எனினும் குறும்பு செய்தது கொண்டு பிள்ளை தீயது என்று முடிவு கட்டவுமில்லை.

இவ்வாறு முகம் பார்த்து மகிழ்தல் வெறும் இன்பத்தின் பொருட்டன்று என்பதை எட்வர்ட் டிரானிக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1970-களில் ஓர் எளிய சோதனையால் காட்டினார். தாய் ஒருத்தி தன் குழந்தையோடு சற்று நேரம் சிரித்துப் பேசி விளையாடுகின்றாள். பின்னர், யாதோர் உணர்ச்சியும் காட்டாத கற்சிலை போன்ற முகத்தோடு குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். குழந்தை முதலில் புன்னகை செய்கின்றது, ஒலியெழுப்புகின்றது, கை நீட்டுகின்றது, தாயின் முகத்தை மீட்கத் தனக்குத் தெரிந்த உபாயமெல்லாம் செய்து பார்க்கின்றது. ஒன்றும் பலியாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. சில குழந்தைகள் அழுதுவிடுகின்றன. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இத்தனையும் நிகழ்ந்துவிடும். கைப்பேசியின்மேல் விழிபதித்த முகம் பிள்ளைக்கு எவ்வாறு தோன்றும் என்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தாயர் இதனைக் கேட்டு அஞ்சற்க. தாயும் சேயும் எக்கணமும் ஒத்திசைந்தே இருத்தல் இயலாது என்றும், நன்கு வாழும் வீடுகளிலும் பெரும்பகுதி நேரம் அவ்விசைவு தவறுகின்றது என்றும், தவறியபின் மீண்டும் இணைதலே பிள்ளைக்கு உரமளிப்பது என்றும் அவரே பின்னர்க் கண்டெழுதினார்.

தாயரை மட்டும் சுட்டிப் பேசுதலும் நேரிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெரும்பாலார் ஆடவரே, பாடும்போது தாயாயினர். பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் மன்னன், உணவைக் கையால் அளைந்து மெய்யெல்லாம் பூசிக்கொள்ளும் சிறுமகவைக் கண்டு மகிழ்ந்து பாடிய பாட்டுப் புறநானூற்றில் 188-ஆவதாக நிற்கின்றது. அரசியலினும் கடுமையான அலுவல் எவ்வீட்டுத் தந்தைக்கு இருக்கின்றதோ அறியேன்.

மீனாட்சியம்மையின் வரலாறு பெற்றோர்க்கு மற்றொன்றும் கூறுகின்றது. மகவின்றி வருந்திய மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் வேள்வி செய்தபோது, மூன்று தனங்களையுடைய பெண்மகவு ஒன்று தீயினின்று வெளிப்பட்டது. விரும்பியது ஆண்மகவு, வந்ததோ பெண், அதிலும் உடல் வேறுபாடுடையது. மன்னன் மனம் வருந்தினான். அப்போது எழுந்த அசரீரி, தடாதகை எனப் பெயரிட்டு, மகனுக்குச் செய்வன யாவும் இவளுக்குச் செய்து முடிசூட்டுக என்றது. கணவனைக் காணும்போது அவ்வேறுபாடு தானே மறையும் என்றும் கூறிற்று. திருவிளையாடற் புராணம் கூறும் இக்கதையைச் சமயக் கண்கொண்டு நோக்குவார் நோக்குக. பெற்றோர் கடனைக் கருதுவார்க்கு இதன்கண் வேறொரு பொருள் தோன்றும். பிள்ளையின் உடலை மாற்ற முயலுமாறு அம்மன்னனுக்கு ஏவலில்லை. பெயரிடல், கற்பித்தல், முடிசூட்டல் ஆகியனவே அவனுக்கு விதிக்கப்பட்டன. இப்பட்டினத்திற்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண்சிசுக் கொலைகள் 1980-களில் நாடெங்கும் பேசப்பட்டதையும், 1992-இல் தமிழ்நாட்டரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததையும் நினைக்குங்கால், தடாதகையின் ஊரில் அவள் கதை எத்துணைக் குறைவாகக் கேட்கப்பட்டது என்பது விளங்கும்.

இன்றும் கலியாணப் பந்தியில் உறவினர் நால்வர் கூடியவிடத்து, நிறம் மட்டு, உயரம் போதாது, பேச்சுத் திக்குகின்றது, முகமெல்லாம் பரு என்று வளரும் பிள்ளையின் எதிரிலேயே பேசுகின்றனர். பேசுவோர் உணவு செரிக்குமுன் அதனை மறந்துவிடுவர்; பதின்மூன்று வயதுப் பிள்ளை மறப்பதில்லை. அவ்விடத்தில் தாயோ தந்தையோ வாளாவிருந்தால், அவ்வமைதியை உடன்பாடென்றே பிள்ளை கொள்கின்றது. சிறுமியொருத்தி பூப்பெய்தியதை ஒலிபெருக்கி வைத்து, படம் அச்சிட்ட பதாகை கட்டி ஊரறியச் செய்யும் வழக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் நீராட்டினை மகிழ்ந்து ஏற்கும் பெண்களும் உளர். ஆனால் விழாவுக்கு நாள் குறிக்குமுன் அவளை ஒருமுறை கேட்டார் எத்தனை பேர்?

குமரகுருபரரைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த அவர் ஐந்து ஆண்டுவரை வாய் பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூர்க்குக் கொண்டுசென்றபின் பேசினார் என்றும் மரபுரை கூறும். இதனைக் கொண்டு, பேச்சுத் தாமதித்தால் ஐந்தாண்டு காத்திருக்கலாம் என்று எவரும் கருதற்க. செவிப்புலனையும் பேச்சையும் இளமையிலேயே மருத்துவரிடம் காட்டிச் சோதித்தல் இன்றியமையாதது. மரபுரையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது, பேசாத பிள்ளையை அப்பெற்றோர் கைவிடாது தம்மோடு கொண்டு நடந்தனர் என்பதேயாம்.

நிற்க. பிள்ளைத்தமிழ் ஊசலோடும் சிறுதேரோடும் முடிந்துவிடுகின்றது. அதற்குப்பின் பிள்ளையைப் பாடும் குரல் ஓய்கின்றது. உலா நூல்கள் பேதை, பெதும்பை, மங்கை என்று பருவங்களைப் பெயர் கூறி வகுத்தாலும், அங்கே நிற்பவள் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்ணேயன்றி, ஒரு வீட்டின் பிள்ளையல்லள். நம் வீடுகளிலும் இஃதே நிகழ்கின்றது. மழலையைக் கொண்டாடிய வீடு, பன்னிரண்டு வயதிற்குப்பின் மதிப்பெண்ணையும் நேரத்தையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கின்படி, மனநோய்களில் மூன்றிலொரு பங்கு பதினான்கு வயதிற்கு முன்னும், பாதி பதினெட்டு வயதிற்கு முன்னும் தோன்றுகின்றன. பத்து முதல் பத்தொன்பது வயதிற்குட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைவுடன் வாழ்கின்றனர். குரல் ஓயும் வயதும் நோய் தோன்றும் வயதும் ஒன்றாயிருத்தல் காண்க.

இவ்விடத்தில்தான் அகப்பாட்டு நமக்குத் துணைவருகின்றது. மகள் மெலிகின்றாள், உறங்குவதில்லை, முன்போல் விளையாடுவதில்லை, நெற்றி பசந்திருக்கின்றது. தாய் காண்கின்றாள். கண்டவள் மகளைக் கேட்பதில்லை. கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லிட்டுக் குறி கேட்கின்றாள். வேலனை அழைத்துக் கழங்கு பார்க்கின்றாள். முருகனால் வந்த நோய் என்று அவன் கூற, முற்றத்தில் மணல் பரப்பி, மறியறுத்து வெறியாட்டு நடைபெறுகின்றது. உண்மையறிந்த தோழி பக்கத்திலேயே நிற்கின்றாள். குறிசொல்லும் மூதாட்டியிடம் தலைவனது குன்றத்தைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடுமாறு தோழி கேட்பதாக ஔவையார் பாடிய குறுந்தொகைப் பாட்டும் (23), முருகவேளையே அறியாமையுடையவன் என்று தோழி இடித்துரைக்கும் நற்றிணைப் பாட்டும் (34) இத்துறையில் அமைந்தவை.

அத்தாயை நாம் எள்ளல் ஆகாது. அவள் அன்பில்லாதவளல்லள், அன்பினாலேயே இத்தனையும் செய்கின்றாள். மாற்றத்தைக் கண்ட கண் அவளுடையதே. ஆனால் கண்டதற்கும் கேட்பதற்கும் இடையில் ஒரு அச்சம் நிற்கின்றது. விடை யாதாயிருக்குமோ என்ற அச்சமே அது. இன்றைய பெற்றோரும் பிள்ளை வாடினால் சோதிடரைக் கேட்கின்றனர். மந்திரித்த கயிறு கட்டுகின்றனர். எங்கள் சபையிலும் போதகரை அழைத்து ஜெபிக்கச் செய்கின்றனர். மற்றொரு தனிப்பயிற்சி வகுப்பில் சேர்க்கின்றனர். இவற்றுட் சில ஆறுதல் தருவனவே. எனினும் பிள்ளையைக் கேட்டல் என்னும் ஒன்று விடுபட்டிருக்குமாயின், அவையெல்லாம் வேலன் ஆடிய களத்தை ஒப்பனவே.

கேட்டாலும் பிள்ளைகள் கூறுவதில்லை என்பர் பெற்றோர். உண்மைதான். "ஒன்றுமில்லை அம்மா" என்பதே முதல் விடையாக வரும். அதற்குமேல் நெருக்கி வினவினால் கதவு அடைபடும். விடுதியில் என்னோடு உறையும் நண்பர் பலரும் ஒருமுகமாகக் கூறுவது யாதெனின், எதிரில் அமர்த்திக் கேட்டபோது வாராத சொல், அம்மாவுடன் கீரை ஆய்கையிலும், அப்பாவின் பின்னால் வண்டியில் செல்கையிலும் தானே வந்தது என்பதாம். முகத்துக்கு முகம் நோக்காத அவ்வேளையில் நாணம் குறைகின்றது போலும். வந்த சொல்லுக்கு உடனே அறிவுரை கூறாமலும், "இதற்கா இவ்வளவு" என்று சிறுமைப்படுத்தாமலும் கேட்டிருத்தலே அடுத்த சொல்லுக்கு வழி. அன்று கூறியதைப் பின்னொரு நாள் சினத்தில் எடுத்து வீசினால், அவ்வழி என்றைக்கும் அடைபட்டதாகும்.

வெறியாட்டிற்கு மாற்றாக அகநூல் வகுத்தது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையைப் படிப்படியாக உரைப்பர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, தோழி செவிலித்தாய்க்கு இவ்வாறு உரைப்பதாகவே முழுதும் அமைந்தது. அதிலுள்ள தொண்ணூற்றொன்பது மலர்களையும் எண்ணிப் பார்க்கும் நாம், அந்நெடும்பாட்டு ஒரு தாயின் கவலைக்கு விடையாக எழுந்தது என்பதை மறந்துவிடுகின்றோம். தோழி எடுத்த எடுப்பில் தாயைக் குற்றஞ்சாட்டவில்லை. மகளின் நோய் கண்டு தாய் படுந்துயரை முதலில் ஏற்று, பின்னரே உண்மை கூறுகின்றாள். ஒரு மறைபொருள் தாங்கும் வலியுடையார் கைகளின் வழியாகவே வீட்டின் தலைவாயிலை அடைகின்றது. இக்காலத்தில் செவிலி இல்லை. ஆனால் அத்தை உண்டு, சித்தி உண்டு, பாட்டி உண்டு, அன்புடைய ஆசிரியர் உண்டு. தன்னிடம் கூறாததை மகள் அத்தையிடம் கூறினாள் என்று தாய் புலத்தல் வேண்டா. சொல் வெளிவந்ததே பெரிது. சங்கத் தலைவி மறைத்து வைத்த காதல், சாதி கடந்ததாயின், இன்றும் இச்சமவெளியில் உயிர்க்கு இறுதி செய்யவல்லது என்பதைச் செய்தித்தாள் படிப்பார் அறிவர். ஆதலின் அறத்தொடு நிற்கும் தோழியும் செவிலியும் இலக்கியப் பாத்திரங்களாக மட்டும் இருத்தல் போதாது.

இனிப் பரீட்சை. திருக்குறளில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் பிள்ளை கையிட்டுக் குழப்பிய உணவின் இனிமையும் உண்டு. மழலையின் இனிமையும் உண்டு. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தல் தந்தையின் கடன் என்பதும் உண்டு. பத்துக் குறளில் நம் பெற்றோர் உள்ளத்தில் தங்கியது பின்னதொன்றே. அதிலும் அவையை மதிப்பெண் பட்டியலாகக் கொண்டனர். பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலை, வீடுகளில் தொலைபேசி ஓயாது ஒலிக்கும். கேட்பார் எல்லாரும் எண் ஒன்றையே கேட்பர். அன்று சில வீடுகளில் மீளா இழப்பும் நேர்ந்திருக்கின்றது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு முதல் மூன்று இடம்பெற்றார் பெயரை வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டது; தேறாதார் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுதத் துணைத்தேர்வும் உண்டு. அரசு விட்ட பட்டியலை வீடு விடவில்லை. முடிவு வருமுன்னரே, "எண் எதுவாயினும் மாலை நாம் ஒன்றாக உண்போம்" என்று சொல்லி வைத்த வீட்டுப் பிள்ளைக்கு, வந்தபின் கூறும் ஆறுதலினும் அச்சொல் பெரிது.

பிள்ளையின் உறக்கமோ உணவோ மாறி, நண்பரை விட்டு ஒதுங்கி, விரும்பியவற்றில் நாட்டமிழந்து, காரணமின்றிச் சினந்து, இந்நிலை இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடல் வேண்டும். தான் பிறர்க்குச் சுமை என்றோ, இல்லாதிருத்தலே நன்று என்றோ பிள்ளை பேசினும், தன் அரும்பொருள்களைப் பிறர்க்கு ஈந்துவிடினும், ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. சாவைப் பற்றி எண்ணுகின்றாயா என்று நேரே கேட்டல் அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் எனப் பலர் அஞ்சுவர். ஆராய்ந்தோர் அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை என்கின்றனர். கேட்டலால் பிள்ளையின் தனிமையே குறைகின்றது. அந்நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாது உடனிருத்தல் வேண்டும்.

மருத்துவரை நாடுதலை மானக்கேடென்று கருதி வெறிக்களத்தையே நம்பியிருந்தால் விளைவது யாது என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், அங்கிருந்த மனநோயாளர் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டு ஓடவியலாதிருந்தோர் உட்பட 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு விட்டோரும் பெற்றோரும் உற்றாருமே. மதுரையில் அந்நிலை இன்று இல்லை. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இத்துறையில் பணிபுரிந்து வருகின்றது. பள்ளியில் அடித்தலும் மனம் நோகச் செய்தலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவால் விலக்கப்பட்டன. அத்தகைய துன்பம் நேர்ந்தால் 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். 104 என்னும் எண்ணிலும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுப் பணியின் 14416 என்னும் எண்ணிலும் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, பெற்றோரும் தம் கவலையை அங்கே கூறலாம்.